பழைய பத்திரத்தில் ஏன் அத்தனை காரணம்?

தோட்டம் வாங்க வருகிற டவுன்காரர்கள் மூலப்பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "நிலத்தை வித்ததுக்கு இவ்வளவு காரணம் எதுக்குங்க?" என்று கேட்பதுண்டு. 1956-க்கு முந்தி, புருஷன் செத்தபின் பெண்சாதி எழுதிக்கொடுத்த கிரயம் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கருமாதிச் செலவு, அவர் வைத்துப்போன கடன், சர்க்கார் கிஸ்தி, மகள் கல்யாணம் என்று வரிசையாக வரும்.

அந்தக் காலத்து இந்துச் சட்டப்படி, பாகம் பிரிந்தவன் ஆண்பிள்ளை இல்லாமல் செத்தால் நிலம் விதவைக்கு வரும். ஆயுசு வரைக்கும் உழுது சாப்பிடலாம், அவ்வளவுதான். அவள் கண்ணை மூடினால் அது புருஷனின் வாரிசுக்குப் போகும்; மகள், மகள்வயிற்றுப் பேரன் யாரும் இல்லையென்றால் பங்காளிக்கு. தக்க அவசியம் இருந்தால்தான் அவள் விற்ற கிரயம் நிற்கும்.

அந்த அவசியத்தை நிரூபிக்கிற பாரம் வாங்கினவன் தலையில். 1856-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு மைனர் பையனின் சொத்து வழக்கில் கொஞ்சம் இளக்கம் காட்டியது: நல்லெண்ணத்தோடு விசாரித்திருந்தால் போதும், பணம் எங்கே போச்சு என்று பின்னாலேயே அலைய வேண்டாம். விதவை கிரயத்துக்கும் அதையே வைத்துப் பேசினார்கள். சரி, விசாரித்ததுக்குச் சாட்சி?

இங்கேதான் சிக்கல். பங்காளி பிராது போட அந்த அம்மாள் இறந்த நாளிலிருந்து 12 வருஷம் கெடு. 25 வயசில் விற்றவள் 70 வரை இருந்தால், கிரயமாகி 57 வருஷம் கழித்துக்கூட கேஸ் வரும். சாட்சி ஒருத்தனும் மிஞ்சமாட்டான். அதனால்தான் காரணத்தைப் பத்திரத்திலேயே ஏற்றினார்கள். விவரமானவர்கள் பங்காளியிடமே சம்மதக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பங்காளி இல்லையென்றாலும் நிம்மதி இல்லை. வாரிசற்ற சொத்து சர்க்காருக்குச் சேரும், விதவை எழுதிக்கொடுத்ததைச் சர்க்காரே எதிர்க்கலாம் என்று மசூலிப்பட்டணம் கலெக்டர் வழக்கில் 1861-ல் தீர்ப்பானது.

1937-ல் விதவைக்குப் பங்கு தரும் சட்டம் வந்தது. அது விளைநிலத்துக்குச் செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. நிலம்தானே எங்களுக்குச் சொத்து! 1947-ல் சென்னை மாகாணம் தனிச்சட்டம் போட்டுத்தான் சேர்த்தது. அதுவும் ஆயுசு உரிமைதான்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அவள் வசம் இருந்த நிலத்தை அவளுக்கே முழுசாக ஆக்கியது. முன்னாலேயே விற்றுப்போன நிலத்துக்கு அது கைகொடுக்கவில்லை. கிழவி எப்போது சாவாள் என்று பங்காளி ஒரு பக்கம், அவள் நூறு வருஷம் இருக்கட்டும் என்று வாங்கினவன் ஒரு பக்கம், அதற்குப் பிறகும் காத்துக்கிடந்தார்கள்.