ஆழ்கடல் படகு கட்டப் போறீங்களா? 'எத்தனை எச்.பி.?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புதுப் படகு கட்ட நினைக்கும் விசைப்படகு ஓனர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எஞ்சின் எத்தனை எச்.பி. போடலாம்?" இழுவை வலைத் தொழிலில் அது நியாயமான கேள்வி. கடலடியில் வலையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகணும், அதுக்குச் சக்தி வேணும். ஆனால் ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போகிற படகுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

பாக் நீரிணைப் பகுதி மீனவர்களுக்கு இது வெறும் டெக்னிக்கல் விஷயம் இல்லை. ஆழம் குறைந்த அந்தக் கடலில் நூற்றுக்கணக்கான இழுவைப் படகுகள். கொஞ்ச தூரத்திலேயே சர்வதேச எல்லைக்கோடு, தாண்டினால் கைது, படகு பறிமுதல். இதற்கு மாற்றாகத்தான் 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, தூண்டிலும் செவுள் வலையும் கொண்ட சூரை மீன்பிடிப் படகை வாங்கிக்கொள்ளலாம். அப்போது ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50%, மாநில அரசு 20%, வங்கிக் கடன் 20%, மீனவர் கையிலிருந்து 10%. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்றார்கள். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் படகுகள் கட்டப்பட்டன. ஆனால் எண்ணிக்கை இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. (தொகை பிறகு திருத்தப்பட்டது. இப்போதைய விவரத்தை உங்கள் ஊர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கோங்க.)

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

ஆயிரங்கால் தூண்டிலை யாரும் இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. பல கிலோமீட்டர் நீளக் கயிறு, அதில் தொங்கும் நூற்றுக்கணக்கான தூண்டில்கள். கடலில் விட்டுவிட்டு, சில மணி நேரம் காத்திருந்து, ஹாலர் மெஷினால் சுருட்டி எடுப்பார்கள். எஞ்சினுக்கு முக்கிய வேலை போய்ட்டு வர்றதுதான்.

அங்கேதான் ஆசை வருகிறது. "பெரிய எஞ்சின் போட்டா சீக்கிரம் போயிடலாமே?" போகலாம், ஆனால் டீசல் கணக்கைப் பாருங்க. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகில், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடி அளவில் ஏறும். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தை 10 ஆக்கினால், வேகம் கூடுவது கால் பங்கு. எஞ்சின் தர வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 100 கடல் மைல் தூரத்தில் மிச்சமாவது இரண்டரை மணி நேரம்தான். அதற்காக எரியும் டீசலோ ஒன்றரை மடங்கு.

240 குதிரைத்திறன் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 40 முதல் 45 லிட்டர் குடிக்கும். விசைப்படகுக்கு அரசு தரும் வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 19,000 லிட்டர். 45 லிட்டர் கணக்கில் பார்த்தால் அது 18 நாள் ஓட்டத்துக்குக்கூட வராது.

240 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளின்படி படகின் நீளம் 24 மீட்டரையும், எஞ்சின் 240 குதிரைத்திறனையும் தாண்டக் கூடாது. காசிமேட்டில் அதிவேக சீன எஞ்சின்களை எதிர்த்து மீனவர்களே போராடியது நினைவிருக்கும். பதிவும் மானியமும் சிக்கலாகும் எஞ்சின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலிவு இல்லை.

எஞ்சின் தகட்டில் இன்னொரு விஷயம் பார்க்கணும். அதில் உள்ள எச்.பி. தொடர்ந்து ஓட்டுவதற்கானதா, கொஞ்ச நேரம் மட்டும் தரக்கூடிய உச்ச சக்தியா? இரவும் பகலும் ஓடும் படகுக்கு முதல் வகைதான் கணக்கு. கியர்பாக்ஸ், புரொப்பல்லர் இரண்டையும் எஞ்சினோடு சேர்த்தே முடிவு பண்ணுங்க. இழுவைப் படகின் பழைய புரொப்பல்லரைக் கழற்றி மாட்டினால் புது எஞ்சினும் மூச்சுத் திணறும். ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் உங்கள் துறைமுகத்திலேயே கிடைப்பார்களா என்பதும் முக்கியம். நடுக்கடலில் ஷோரூம் கிடையாது.

எஞ்சினில் மிச்சமாகும் பணம் எங்கே போகணும்? என்னைக் கேட்டால், முதலில் மீன் அறைக்கு. சூரையைப் பிடித்த உடனே குளிர்விக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் உருவாகும். அப்படி உருவானதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது. சாப்பிட்டவருக்குத் தடிப்பும் வாந்தியும் வரலாம். கடலே இல்லாத எங்கள் திருவண்ணாமலையில் சூரைக் குழம்பு வைப்பவரின் உடம்பும் அந்த அறையின் இன்சுலேஷனை நம்பித்தான் இருக்கு. ஏற்றுமதி விலையும் அப்படித்தான்.

அடுத்தது தகவல் தொடர்பு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் முடிந்துவிடும். வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும் சில பத்து கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் வழி. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர், ஆபத்து நேரத்தில் சிக்னல் அனுப்பும் கருவி, இரண்டும் படகில் இருக்கணும், வேலை செய்யணும். கூடவே ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், எல்லோரும் ஏறக்கூடிய லைஃப் ராஃப்ட். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை வீல்ஹவுஸிலும், படகுக்காரர்களின் வீட்டிலும் எழுதி ஒட்டுங்க.

ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஹாலர் மெஷினில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது பழுதானால் மொத்தக் கயிற்றையும் கையால் இழுக்கணும்.

இவ்வளவும் வாங்கினாலும், இழுவை வலையிலேயே வளர்ந்தவருக்குத் தூண்டில் தொழில் புதுசு. ஒருநாளில் போய்த் திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் கடலில் இருக்கணும். குமரி மாவட்டத் தூத்தூர் பகுதி மீனவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். படகுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அவர்கள் படகில் ஒரு ட்ரிப் போய்ட்டு வாங்க. எந்த எஞ்சின், எத்தனை டன் ஐஸ், எந்த ஹாலர் என்ற கேள்விகளுக்கு அங்கேயே பாதி பதில் கிடைச்சுடும்.