மிதிவண்டியும் பால்மரமும்

பழைய மிதிவண்டிகளை வரிசையாக நிறுத்தி, 'இவற்றுள் எது சிறந்தது?' என வினவினால், பலர் ராலியைச் சுட்டுவர். சிலர் ஹம்பரின் இரட்டைக்குழாய் முன்கவையை மெச்சுவர். ஆயின், கெடா மாநிலத்தின் வரலாறு வேறொன்றைத் தேரச் சொல்கிறது.

1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டியும், பின்னர் மோட்டார் வண்டியும் ரப்பரை வேண்டின. காடுகள் தோட்டங்களாயின, தமிழர் கப்பலேறி வந்து பால்மரம் சீவினர்.

1941 டிசம்பரில் ஜித்ராவில் வென்ற ஜப்பானியப் படை மிதிவண்டிகளில் தெற்கே விரைந்தது. மக்களின் வண்டிகளும் பறிக்கப்பட்டன. டயர் கிழிந்தபின் வெறும் வளையத்தின்மீதே வீரர்கள் ஓட்டினர். ரப்பர் விளைந்த மண்ணிலேயே ரப்பரின்றிச் சக்கரங்கள் உருண்டன!

ஆகவே, பெயர் தேய்ந்து, பால்வாளி சுமந்து கேரியர் வளைந்த வண்டியே என் தேர்வு. அதை மிதித்தவன் சீவிய பாலன்றோ உலகின் சக்கரங்களை ஓட்டிற்று?