கல்லா இயந்திரமும் விற்பனைப் பேச்சும்

வணிகரைத் தேடிச் சென்று பேசிப் பொருள் விற்பது மிகப் பழைய தொழில் என்றாலும், அந்தப் பேச்சை எழுத்தில் வகுத்து, மனப்பாடம் செய்வித்து, பள்ளி வைத்துப் பயிற்றுவிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில்தான் உறுதியாக வேரூன்றியது. அந்நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் கல்லாவில் கைவைப்பதைத் தடுக்க, வசூலான தொகையை எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டும் இயந்திரத்துக்கு 1879இல் காப்புரிமை பெற்றார். அதை உற்பத்தி செய்துவந்த நிறுவனத்தை 1884இல் விலைக்கு வாங்கி, நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்று பெயர் மாற்றிய ஜான் பேட்டர்சன், அதற்கு முன்பே தம் கடைக்கு அவ்வியந்திரத்தை வாங்கிப் பயன் கண்டிருந்தவர் என்பதால், வாங்குபவரின் மனநிலை அவருக்குப் புதிதன்று.

அவர் எதிர்கொண்ட தடை எளியதன்று. இயந்திரம் வேண்டும் என்ற எண்ணமே கடைக்காரர்களிடம் இல்லை. தங்களைத் திருடர்களாகக் கருதும் கருவி என்று சிப்பந்திகளோ அதை வெறுத்தனர். இந்நிலையில், சிறந்த விற்பனையாளரும் பேட்டர்சனின் மைத்துனருமான ஜோசப் கிரேன் வழக்கமாகப் பேசிவந்ததை அப்படியே எழுதி வாங்கி, 1887இல் ஒரு கையேடாக்கினர். அணுகுதல், முன்மொழிதல், இயக்கிக் காட்டுதல், முடித்தல் என அது பேச்சை நான்கு படிகளாக்கியது. முதற்படியில் இயந்திரத்தைப் பற்றிப் பேசாமல் கடைக்காரரின் வரவுசெலவு, கடன் கணக்கு, இழப்பு ஆகியவற்றையே விற்பனையாளர் பேச வேண்டும். இயக்கிக் காட்டுவதற்கோ, வாடிக்கையாளரும் சிப்பந்திகளும் குறுக்கிடாத விடுதி அறைக்கு அவரை அழைத்துவர வேண்டும். பிறர் குறையைக் கேட்டறிந்த பிறகே தன் சரக்கை எடுத்துரைக்க வேண்டும் என்னும் இந்த வரிசையே கையேட்டின் உண்மையான வலிமை. மனப்பாடம் அதற்குத் துணைமட்டுமே.

ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனி எல்லையும், அந்த எல்லைக்கெனக் கணித்த விற்பனை இலக்கும் வகுக்கப்பட்டன. எல்லைக்குள் வேறொருவர் விற்றாலும் தரகு உரியவருக்கே சேரும் என்ற உறுதி இருந்ததால், ஒரே கடைக்காரரிடம் பொறுமையாகப் பலமுறை சென்றுவர அவரால் முடிந்தது. 1894இல் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது.

இந்தச் சாதனையைப் போற்றும்போது அதன் கறையை மறைப்பது நேர்மையாகாது. போட்டியாளர்களை முறைகேடாக ஒழிக்க முயன்றதாகத் தொடரப்பட்ட வழக்கில், 1913இல் பேட்டர்சனும் அவருடைய அதிகாரிகள் பலரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1915இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. தண்டனை பெற்றவர்களுள் ஒருவர், 1896இல் பஃபலோ நகரில் விற்பனையாளராகச் சேர்ந்து உயர்ந்த தாமஸ் வாட்சன். 1914இல் அவர் வேறொரு நிறுவனத்தின் தலைமையை ஏற்று, டேட்டனில் கற்ற இலக்கு, எல்லை, பயிற்சி முறைகளை அங்கே நிலைநாட்டினார். 1924இல் அந்நிறுவனம் ஐபிஎம் என்ற பெயரைப் பெற்றது.