ஒத்த பாடமா, வேறு பாடமா? வணிக மாணவர் பரிமாற்றத்தில் கிரெடிட் ஏற்பு

1987 ஜூன் மாதம் ஐரோப்பியச் சமூகம் எராஸ்மஸ் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முதல் கல்வியாண்டில் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்கள் அதன்கீழ் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். போன இடத்தில் படித்ததைச் சொந்தப் பல்கலைக்கழகம் எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு வழிகாண 1989இல் ஐரோப்பிய கிரெடிட் மாற்று முறை சோதனையாகத் தொடங்கியது. அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஐந்து துறைகளுள் வணிக மேலாண்மையும் ஒன்று. வேதியியல், வரலாறு, இயந்திரப் பொறியியல், மருத்துவம் ஆகியவை மற்றவை. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்ற இன்றைய கணக்கு அதன் வழிவந்தது. இந்தக் கணக்கு அளப்பது மாணவரின் உழைப்பை. ஆனால் கிரெடிட்டை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் துறைகள் பல, உழைப்போடு நிற்காமல், அங்கே படித்த பாடம் இங்குள்ள பாடத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கின்றன. வணிக மாணவர் எதற்காகக் கடல் கடக்க வேண்டுமோ அந்தக் காரணத்தையே இந்த ஒப்புமைத் தேடல் அழித்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பென்சீனின் அமைப்பு மிலானிலும் கொலோனிலும் ஒன்றே. நிறுவனம் என்பது அப்படியன்று. அந்தந்த நாட்டின் சட்டமும் தொழிலாளர் வரலாறும் வங்கி முறையும் சேர்ந்து உருவாக்கிய ஒன்று அது. ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 1976ஆம் ஆண்டின் கூட்டு முடிவுரிமைச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுமங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தில் 20 இடங்களில் 10 அவர்களுடையவை. வாக்குகள் சமமாகப் பிரிந்தால், பொதுவாகப் பங்குதாரர் தரப்பிலிருந்து வரும் தலைவருக்கு இரண்டாம் வாக்கு உண்டு. அதனால் இறுதிப் பிடி முதலீட்டாளரிடமே இருக்கிறது. ஆயினும் ஓர் ஆலையை மூடுவதோ இடம் மாற்றுவதோ அந்த மேசையில் தொழிலாளர் பிரதிநிதியின் முகத்தைப் பார்த்துப் பேசப்பட வேண்டிய விஷயம். பங்குதாரரின் மதிப்பைப் பெருக்குவதே நிர்வாகத்தின் கடமை என்று பாடநூலில் படித்த மாணவருக்கு, அது ஒரு நாட்டின் தேர்வு, இயற்கை விதி அன்று என்பது இங்கேதான் உறைக்கும். கணக்கியலிலும் இப்படியே. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஐரோப்பியக் குழுமங்கள் 2005 முதல் தொகுப்புக் கணக்குகளைச் சர்வதேசத் தரநிலைப்படி தயாரிக்கின்றன. ஆனால் ஜெர்மன் நிறுமம் பங்காதாயத்தைத் தீர்மானிப்பது தன் தனிக் கணக்கை வைத்து. அதை ஆள்வது 1897இல் இயற்றப்பட்ட வணிகச் சட்டத் தொகுப்பு. கைக்கு வராத ஆதாயத்தைக் காட்டாதே, வரக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே எழுது என்ற எச்சரிக்கைக் கோட்பாடு அதில் ஆழமாக வேரூன்றியது. கடன் கொடுத்தவரைக் காப்பதை முதன்மையாக எண்ணிய ஒரு சமூகத்தின் மனம் அந்தப் பேரேட்டில் பதிந்திருக்கிறது.

இப்போது பரிமாற்றம் நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மாணவர் புறப்படும் முன்பே அவரும் இரு பல்கலைக்கழகங்களும் ஒரு கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பது அதில் பதிவாகும். 'நிதி மேலாண்மை 2' என்ற பாடத்துக்கு ஈடு கேட்கும் துறைக்கு, கூட்டு முடிவுரிமை பற்றிய பாடம் எதற்கும் ஈடாகாது. ஒரு பருவத்தை இழக்க எந்த மாணவரும் துணியமாட்டார், கடன் வாங்கிப் படிப்பவர் நிச்சயமாகத் துணியமாட்டார். ஆகவே அவர் அதே பாடத்தை, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல சமயம் அதே அமெரிக்கப் பாடநூலிலிருந்து, தம்மைப் போலவே வந்திருக்கும் பிற நாட்டு மாணவர்களோடு அமர்ந்து படித்துத் திரும்புகிறார். நாடு மாறியிருக்கிறது, படிப்பு மாறவில்லை.

பரிமாற்றத்தின் பயன் வேலைவாய்ப்பில் தெரிகிறதே, பாடம் எதுவாயிருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் சான்று இருக்கிறது. ஜெர்மன் பட்டதாரிகளை ஆராய்ந்து 2011இல் மத்தியாஸ் பாரேயும் ஃபாபியன் வால்டிங்கரும் வெளியிட்ட கட்டுரை, எராஸ்மஸ் திட்டம் துறைதோறும் வெவ்வேறு காலத்தில் விரிவடைந்ததைப் பயன்படுத்தி, வெளிநாட்டுப் படிப்பு பிற்காலத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வாய்ப்பைச் சுமார் 15 சதவீதப் புள்ளி உயர்த்துகிறது என்று கண்டது. இது வலுவான முடிவு. போகிறவர்கள் முன்பே துணிச்சல்காரர்கள் என்ற ஐயத்தை அது கவனமாகக் கையாள்கிறது. அந்த ஐயம் வீணானதும் அன்று: ஐரோப்பிய ஆணையம் 2014இல் வெளியிட்ட தாக்க ஆய்வே, பயணம் செய்யும் மாணவர்களிடம் திறந்த மனம், தன்னம்பிக்கை போன்ற பண்புகள் புறப்படும் முன்பே கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆனால் இவை எல்லாம் ஒருவர் எங்கே வேலைக்குப் போனார் என்பதைச் சொல்லும். நிறுவனத்தைப் பற்றி என்ன புரிந்துகொண்டார் என்பதைச் சொல்லாது. பல்கலைக்கழகம் பொறுப்பேற்க வேண்டியது இந்த இரண்டாவதற்கு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் தரம் பற்றியது. ஒப்புமையைக் கைவிட்டால் மாணவர்கள் எளிய பாடங்களைத் தேடிப் போவார்கள், அடிப்படை ஓட்டையாகிவிடும் என்கிறார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் அடிப்படைப் பாடங்களை முந்தைய பருவங்களிலேயே சொந்தப் பல்கலைக்கழகத்தில் முடித்துவிட்டு, 30 கிரெடிட் கொண்ட ஒரு பருவத்தை மட்டும் பாடத்திட்டத்தில் திறந்து வைத்தால் இந்த ஓட்டை விழாது. எளிய பாடத்தைத் தடுக்க, பாடத்தின் நிலையையும் உழைப்பையும் சோதித்தால் போதும். ஐரோப்பிய மன்றமும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1997இல் உருவாக்கிய லிஸ்பன் உடன்படிக்கை, வெளிநாட்டில் படித்த காலத்தை மறுக்க விரும்பும் தரப்பே கணிசமான வேறுபாட்டை நிறுவ வேண்டும் என்று சுமையை இடம் மாற்றி வைத்தது. நான் ஒரு படி மேலே சென்று சொல்வேன்: வணிகக் கல்வியில், தரம் குறையாத வேறுபாடு மறுப்புக்குக் காரணமாக அல்ல, ஏற்புக்குக் காரணமாகவே கொள்ளப்பட வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசையும் அன்று. பாரிஸின் எச்ஈசி, பார்சிலோனாவின் எசாடே, மிலானின் போக்கோனி, கொலோன் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் 1988இல் தொடங்கிய செம்ஸ் கூட்டமைப்பு, அயல்நாட்டுப் பருவத்தையும் மொழித் தேர்ச்சியையும் தன் பட்டத்தின் கட்டாய உறுப்பாகவே ஆக்கியது. கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகமும் இன்று அதில் உறுப்பினர். செலவைத் தாங்க முடியாதவருக்கு ஏற்பு விதியை மாற்றுவதால் மட்டும் கதவு திறந்துவிடாது. அதற்கு உதவித்தொகை வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து பட்டம் வழங்குவதற்காக 2022இல் கொண்டுவந்த விதிமுறை, இருபுறமும் ஈட்டும் கிரெடிட்டுகள் ஒரே பாடப்பொருளைத் திரும்பப் படித்ததிலிருந்து வரக்கூடாது என்கிறது. இந்த ஒரு விதியை வைத்தே நம் வணிகத் துறைகள் தங்கள் பரிமாற்ற ஒப்பந்தங்களையும் திருத்தி எழுதலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த திருத்தத்தின்போது ஒரு பருவத்தைத் திறந்து வைத்து, ஈட்டுப் பாடப் பட்டியல் கேட்பதை நிறுத்த வேண்டும்.