பெசன்ட் என்ற பெயரும் தள்ளுதற்சீட்டும்

கோயில், கடல், கல்வெட்டு என்று திருவான்மியூரைச் சுற்றி வந்த நமக்கு இந்த வாரம் ஒரு பெயர் போதும். கலாக்ஷேத்ரா சாலையில் வடக்கே நடந்தால் பெசன்ட் நகர் வந்துவிடும். கலாக்ஷேத்ரா வளாகத்துக்குள்ளேயே பெசன்ட் அருண்டேல் பள்ளி இருக்கிறது. பெசன்ட் என்றால் நமக்கு அன்னி பெசன்ட்: வெள்ளைச் சேலை, நரைத்த தலை, ஹோம் ரூல், அடையாறு பிரம்மஞான சபை. ஆனால் பெசன்ட் அவர் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை, கணவரின் பெயர். 1873ல் அந்தக் கணவரைப் பிரிந்தார். 1933 செப்டம்பர் 20ல் அடையாற்றில் கண்மூடும்வரை அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார்.

1847ல் லண்டனில் பிறந்த அன்னி வுட், 20 வயதில் பிராங்க் பெசன்ட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாரை மணந்தார். 1869 ஜனவரியில் மகன் டிக்பி, அடுத்த ஆண்டு மகள் மேபல். கைக்குழந்தை மேபல் கக்குவான் இருமலில் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், தாயின் விசுவாசம் ஆட்டம் கண்டது. கணவர் சிப்சி என்ற சிற்றூரின் குரு. குருவின் மனைவியே திருவிருந்தில் பங்கெடுக்காமல் எழுந்து போனால் சபை என்ன பேசும்? ஒன்று திருவிருந்து, இல்லையேல் வீட்டைவிட்டு வெளியே என்றார் கணவர். அன்னி வெளியே வந்தார். பிரிவுப் பத்திரம் எழுதப்பட்டது. மகன் தந்தையிடம், மகள் தாயிடம் என்று ஏற்பாடு.

1878ல் அதுவும் உடைந்தது. அன்னி நாத்திகம் பேசுகிறார், குடும்பக் கட்டுப்பாட்டு நூலை வெளியிட்டு வழக்கில் சிக்கியவர், அவரிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று கணவர் வழக்குப் போட்டார். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல் அதை ஏற்றார். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் தேறிக்கொண்டிருந்த சிறுமி மேபல், கதறக் கதறத் தூக்கிச் செல்லப்பட்டாள். அப்படியானால் மண உறவிலிருந்தே என்னை விடுவியுங்கள் என்று அன்னி நீதிமன்றம் போனார். பிரிவுப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டது, இனி நீங்கள் வழக்குத் தொடர முடியாது என்று பதில் வந்தது. மகள் தாயிடம் இருக்கலாம் என்ற ஷரத்து செல்லாது, தாய் வழக்குப் போடக் கூடாது என்ற ஷரத்து மட்டும் செல்லும். ஒரே பத்திரம்தான்! 140 ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இதைப் படிக்கையில் நெஞ்சு கொதிக்கிறது.

பத்திரமே இல்லாவிட்டாலும் அவருக்கு விவாகரத்து கிடைத்திருக்காது. 1857ல் இங்கிலாந்து கொண்டுவந்த சட்டம் அப்படி. அதற்கு முன்பு விவாகரத்து வேண்டுமென்றால் பாராளுமன்றத்திலேயே தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். அந்த வழியில் அதைப் பெற்ற பெண்கள் மொத்தமே நான்கு பேர். 1857 சட்டத்தில் கணவனுக்கு ஒரு காரணம் போதும்: மனைவியின் விபசாரம். மனைவிக்கு அது போதாது. கணவன் விபசாரம் செய்ததோடு கொடுமையும் செய்திருக்க வேண்டும், அல்லது கைவிட்டுப் போயிருக்க வேண்டும். கொடுமை மட்டும் நடந்திருந்தால் தனியே வாழ அனுமதி கிடைக்கும், விடுதலை கிடைக்காது. விபசாரம் ஒன்றுதான் வாசல் என்ற எண்ணத்துக்கு மத்தேயு சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். அந்த அதிகாரம் உண்மையில் எதற்குப் பதில் என்று பார்க்க வேண்டும்.

மோசேயின் சட்டநூலான உபாகமத்தில், 24ஆம் அதிகாரத்தில், ஒரு நடைமுறை வருகிறது. மனைவியிடம் வெட்கக்கேடான ஏதோ ஒன்றைக் கண்ட கணவன், ஒரு சீட்டு எழுதி அவள் கையில் கொடுத்து அனுப்புகிறான். அவள் வேறொருவனை மணக்கலாம். அந்த மணமும் முறிந்தால் முதல் கணவன் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. சட்டம் தடை போடுவது இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டுமே. சீட்டு கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது என்று எடுத்துக்கொண்டுதான் அது பேசுகிறது.

‘வெட்கக்கேடான ஏதோ ஒன்று’ என்றால் என்ன? இயேசுவின் காலத்தை ஒட்டி இதில் இரண்டு பள்ளிகள் மோதிக்கொண்டன. ஒழுக்கக்கேடு மட்டுமே என்றது ஷம்மாய் பள்ளி. சமையலைக் கெடுத்தாலும் காரணம்தான் என்றது ஹில்லேல் பள்ளி. இவளைவிட அழகானவள் கிடைத்தால்கூடப் போதும் என்று பின்னாளில் அக்கிபா என்ற ரபி சொன்னதும் மிஷ்னாவில் பதிவாகியிருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று பரிசேயர் இயேசுவிடம் கேட்டபோது, அவர்கள் மனதில் இருந்தது இந்த வழக்குதான். கேள்வி கேட்ட இடமும் சாதாரண இடமில்லை. யோர்தானுக்கு அக்கரை, ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப் பகுதி. தன் மனைவியை ஒதுக்கிவிட்டுச் சகோதரனின் மனைவி ஏரோதியாளைச் சேர்த்துக்கொண்டவன் அவன். அதைக் கண்டித்ததற்காக யோவான் ஸ்நானகனின் தலை போயிருந்தது.

இயேசு இரண்டு பள்ளிகளையும் தாண்டி ஆதியாகமத்துக்குப் போனார். மத்தேயு ஒழுக்கக்கேடு என்ற ஒரு விதிவிலக்கைச் சொல்கிறார், மாற்கு அதையும் சொல்லவில்லை. ஆனால் மாற்குவில் ஒரு சொல்லைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மனைவியைத் தள்ளி வேறொருத்தியை மணப்பவன், தன் மனைவிக்கு விரோதமாக விபசாரம் செய்கிறான் என்ற பொருள் அங்கே இருக்கிறது. அந்தச் சமூகத்தில் விபசாரம் என்பது ஓர் ஆணின் உரிமையில் இன்னொரு ஆண் கைவைக்கும் குற்றம். மனைவிக்கு எதிராகக் கணவன் அந்தக் குற்றத்தைச் செய்ய முடியும் என்பது கேட்டவர்களுக்குப் புதிது. அப்படியானால் கல்யாணமே செய்யாமல் இருப்பது மேல் என்று சீஷர்கள் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். பாரம் ஆண்களின் தோளில் ஏறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சீட்டு எப்படி இருந்தது? சாக்கடலுக்கு அருகே முரப்பாத் பள்ளத்தாக்குக் குகைகளில் 1950களின் தொடக்கத்தில் ஒன்று கிடைத்தது. அரமேய மொழி. மசாடாவில், ஆறாம் ஆண்டில் எழுதியது. கி.பி. 70ஐ ஒட்டிய காலம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. நக்சான் மகன் யோசேப்பு, யோனத்தான் மகள் மிரியாமைத் தன் விருப்பப்படி விடுவிக்கிறான். இனி அவள் எந்த யூத ஆணையும் மணந்துகொள்ளலாம், சீர்ப்பணம் திரும்பக் கிடைக்கும், ஏடு சேதமானால் புதிது எழுதித் தருவேன் என்கிறான். கீழே மூன்று சாட்சிகள். அவன் தள்ளியது கொடுமையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஏடு கையில் இருக்கும்வரை யாரும் மிரியாமை இன்னொருவன் மனைவி என்று சொல்ல முடியாது. அதைக் குகைவரை அவள் பத்திரப்படுத்தி எடுத்துப்போனதன் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ் வேதாகமம் இதைத் தள்ளுதற்சீட்டு என்கிறது. எபிரெயச் சொல்லின் வேரோ அறுத்தல். நம் ஊர்க் காதுக்கு அது அந்நியமில்லை. தீர்த்துவிடுவதும் அறுத்துக்கட்டுவதும் தமிழ்நாட்டில் பல சாதிகளில் பஞ்சாயத்து முன்னால் நடந்துவந்த வழக்கங்கள். அப்படிப்பட்ட வழக்கமுள்ள குடும்பங்களிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்களுக்கு ஆங்கிலேயர் கொடுத்தது என்ன?

முதலில் 1866ல் ஒரு சட்டம். மதம் மாறியதற்காகத் துணை கைவிட்டுப் போனால் மணத்தைக் கலைக்கலாம் என்றது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய யோசனைதான் அதன் வேர். பிறகு அன்னிக்கு மகன் பிறந்த அதே 1869ல் இந்திய விவாகரத்துச் சட்டம். 1857 சட்டத்தின் அச்சு அப்படியே இங்கே இறங்கியது. கணவனுக்கு ஒரு குற்றம், மனைவிக்கு இரண்டு. மனைவிக்கு விரோதமான குற்றம் என்ற சுவிசேஷ வார்த்தைக்கு அதில் இடமே இல்லை. இங்கிலாந்து 1923ல் இந்த ஏற்றத்தாழ்வை எடுத்துவிட்டது. இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அது சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. அடித்து உதைக்கும் கணவனிடமிருந்து விடுதலை வேண்டுமென்றால் அவன் இன்னொருத்தியோடு இருந்ததையும் நிரூபி என்றார்கள். முடியாதவள் என்ன செய்வாள்? தாலியோடும் மோதிரத்தோடும் தாய் வீட்டில் முடங்கியவர்கள் நம் சபைகள் ஒவ்வொன்றிலும் இருந்தார்கள்.

1983ல் சட்ட ஆணையம் தனது 90வது அறிக்கையில் இதை மாற்றச் சொன்னது. 1995ல் கேரள உயர் நீதிமன்றம், கொடுமையும் கைவிடலும் தனித்தனியே போதும் என்று அம்மிணி வழக்கில் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2001ல்தான் வந்தது. பரஸ்பரச் சம்மத விவாகரத்தும் அப்போதுதான் கிடைத்தது. அதிலும் இந்துத் தம்பதிக்கு ஓராண்டுப் பிரிவு போதும், கிறிஸ்தவருக்கு இரண்டாண்டு என்று எழுதிவைத்தார்கள்.

அதே திருத்தம் இன்னொரு விதியையும் எடுத்தது. 1869 சட்டப்படி மாவட்ட நீதிபதி கொடுத்த விவாகரத்து, உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் உறுதிசெய்த பிறகே செல்லுபடியாகும். மிரியாமின் ஏட்டில் மூன்று சாட்சிகள் கையெழுத்திட்டதும் அவள் கிளம்பிவிட்டாள். திருவான்மியூரில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும் நம் பெண்கள் அந்த மூவருக்காகக் காத்திருந்தது 132 ஆண்டுகள்.

பிராங்க் பெசன்ட் சிப்சியிலேயே இருந்து 1917ல் இறந்தார். அந்த ஆண்டுதான் அன்னி ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டார், விடுதலையாகிக் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார். டிக்பியும் மேபலும் அதற்கு வெகுகாலம் முன்பே, வயது வந்ததும் தாமாகவே தாயிடம் வந்து சேர்ந்திருந்தார்கள்.

(தொடரும்)