ஈதர்நெட்வழி மின்சாரம்: மின்னோட்ட வரம்பும் நேரக்கெடுவும்

கணினி வலைக் கேபிளில் தரவோடு மின்சாரத்தையும் அனுப்புவதற்கான முதல் பொதுத் தரம் ஐ.இ.இ.இ. 802.3ஏஎஃப், 2003இல் வெளியானது. ஸ்விட்ச்சின் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்றது அது. மின்னோட்டம் எல்லை மீறினால் ஸ்விட்ச் அதை 400 முதல் 450 மில்லி ஆம்பியருக்குள் பிடித்து நிறுத்த வேண்டும். 50 முதல் 75 மில்லி நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

உடனே துண்டித்தால் என்ன? கேமராவையோ ஐ.பி. தொலைபேசியையோ செருகியதும் அதனுள் இருக்கும் வெற்று மின்தேக்கி, ஸ்விட்ச்சின் கண்ணுக்கு ஷார்ட் சர்க்யூட் போலவே தெரியும். 180 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 400 மில்லி ஆம்பியரில் 57 வோல்ட்டுக்கு நிரம்பச் சுமார் 26 மில்லி நொடி ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் பழுதில்லாத சாதனமும் உயிர் பெறாது. 50 மில்லி நொடி அதற்குத் தாராளம்.

ஆனால் அந்தப் பொறுமையின் விலையை ஸ்விட்ச்சில் உள்ள மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்தான் கொடுக்கிறது. உண்மையான ஷார்ட்டில் 57 வோல்ட் முழுவதும் அதன் தலையில் விழும். 450 மில்லி ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 26 வாட் வெப்பம். 2009இல் வந்த 802.3ஏடி, போர்ட்டின் திறனை 30 வாட்டாக உயர்த்தி, குறைந்தபட்ச வரம்பை 684 மில்லி ஆம்பியராக்கியபோது அந்த வெப்பம் 39 வாட்டானது. எனவே புதிய வகைக்குக் குறைந்தபட்சக் காத்திருப்பு 10 மில்லி நொடியாகக் குறைந்தது. 75 என்ற மேல்எல்லை மாறவில்லை.

அதே திருத்தம் மின்னோட்டத்தையும் நேரத்தையும் இணைத்து இரண்டு வரைகோடுகளை வகுத்தது. கீழ்க்கோட்டைத் தொடும்வரை துண்டிக்கக் கூடாது. மேல்கோட்டைத் தாண்டுவதற்குள் துண்டித்தே ஆக வேண்டும். இடைப்பட்ட இடம் சிப் தயாரிப்பாளரின் உரிமை. மேல்கோடு முதல் 10 மைக்ரோ நொடிக்கு 50 ஆம்பியரைப் பொறுத்துக்கொண்டு, பிறகு சரிந்து 1.75 ஆம்பியரில் நிற்கிறது. 57 வோல்ட்டோடு பெருக்கினால் 100 வாட்டுக்குச் சற்றுக் கீழே. விளம்பரங்கள் 30 வாட்டைத்தான் பேசின. வடிவமைப்பாளருக்கோ இந்தக் கோடுகளே பெரிய உதவி.

நான்கு கம்பி இணைகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை தரும் 802.3பிடி, 2018இல் வந்தது. அதன் உச்ச வகைக்குக் குறைந்தபட்சக் கெடு 6 மில்லி நொடி.