இரண்டு கரையிலும் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய்

அப்பா இறந்து மூன்றாம் மாதம், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருந்த அவருடைய கடையின் பரணைத் துப்புரவு செய்தோம். அப்போது ஒரு பெரிய பிஸ்கட் தகரப்பெட்டி கீழே வந்தது. உள்ளே பணமும் இல்லை, உறுதிப் பத்திரமும் இல்லை. கடையின் நடைமுறைக் கணக்குக்கு வங்கி மாதா மாதம் அனுப்பிய கூற்றுகள்தான் ஆண்டு வாரியாகச் சணலால் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. மகாவலிக்குப் பக்கத்துக் கடை என்பதால் ஓரங்கள் ஈரத்தில் பழுத்திருந்தன. 2002இல் தொடங்கி 2011 வரைக்குமான தாள்களில் மட்டும், மாதக் கடைசியில் வரும் ஒரு சின்னத் தொகையை அப்பா சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

வட்டத்துக்குள் இருந்தவை பெரிய தொகைகள் அல்ல. 2003 ஆகஸ்டில் 612 ரூபாய் 40 சதம். செப்டம்பரில் 587 ரூபாய் 15 சதம். எதிரே இரண்டே எழுத்து: டி.டி. காசோலைப் புத்தகக் கட்டணமாக இருந்தால் தொகை மாதா மாதம் மாறாது. மேலதிகப் பற்றுக்கான வட்டியாக இருந்தால், கணக்கில் பணம் இருந்த மாதங்களில் வந்திருக்கக் கூடாது. வரலாறு படித்தவன் நான். கணக்கு எனக்கு வராது. ஆனால் பத்து ஆண்டுகள் விடாமல் ஒரே இடத்தில் வட்டமிட்ட மனிதர் ஏதோ சொல்ல நினைத்திருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

மூன்று இரவுகள் அந்தத் தாள்களோடு இருந்தேன். வரவுகளைக் கூட்டிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மாதக் கடைசி மீதியோடு ஒப்பிட்டேன், அதுவும் இல்லை. பற்றுகளை, அதாவது கணக்கிலிருந்து வெளியே போன பணத்தை மட்டும் கூட்டியபோது முடிச்சு அவிழ்ந்தது. ஆகஸ்டில் வெளியே போனது 612,400 ரூபாய். செப்டம்பரில் 587,150. ஆயிரத்துக்கு ஒரு ரூபாய், சதம் பிசகாமல்.

கடைக்குக் கணக்கு எழுதிய பெரியவர் மாவில்மடைப் பக்கம் இருக்கிறார். தாளைக் காட்டியதும் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"தம்பி, இது வங்கிக்காரன் எடுத்த காசு இல்ல. அரசாங்கம் எடுத்தது. டெபிட் டாக்ஸ். அப்பா இதுக்காக எத்தனை நாள் மனம் நொந்திருப்பார் தெரியுமா?"

"ஆயிரத்துக்கு ஒரு ரூபாய்தானே ஐயா?"

"ஆயிரத்துக்கு எவ்வளவு லாபம் நிக்குதுன்னு கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க."

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். சட்டம் அங்கே தடையில்லாமல் கிடைத்தது: 2002ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பற்று வரிச் சட்டம். கே. என். சொக்ஸி நிதி அமைச்சராக இருந்த காலம். வீதம் 0.1 சதவீதம். அதே ஆண்டு முத்திரைத் தீர்வை நீக்கப்பட்டது. ஆகஸ்டில் பெறுமதி சேர் வரியும் நடைமுறைக்கு வந்தது. முத்திரை ஒட்டும் தொல்லை போய் வங்கியே கழித்துக்கொள்வது சுலபம் என்றுதான் வாங்கியவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் முதலில் தோன்றியிருக்கும். ஆனால் முத்திரைத் தீர்வை 2006இன் 12ஆம் இலக்கச் சட்டத்தோடு திரும்பி வந்தது. பற்று வரியோ 2011 வரை போகவில்லை. நடுவில் சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் சரக்கு கொழும்பு ஐந்தாம் குறுக்குத்தெருவிலிருந்து வரும். சீனி, பருப்பு, வெங்காயம். நூறு ரூபாய்ச் சீனியில் மூன்று ரூபாய் நின்றால் பெரிய விஷயம். அப்படியென்றால் ஆயிரம் ரூபாய் சரக்குக்கு முப்பது ரூபாய். கடைப் பையன்களின் சம்பளம், வாடகை, லொறிக் கூலி, கரண்ட் பில் எல்லாம் போக அதில் பத்து ரூபாய் மிஞ்சும். அந்தப் பத்தில் ஒன்றைத்தான் அரசு எடுத்தது. ஆயிரம் ரூபாய் விற்று இருநூறு ரூபாய் லாபம் காண்கிற வியாபாரிக்கும் அதே ஒரு ரூபாய்தான். அவருக்கு அது இருநூறில் ஒன்று.

இன்னொன்றும் உண்டு. ஒரே மூட்டைச் சீனிக்கு இறக்குமதியாளர் பணம் கட்டும்போது ஒரு தடவை வரி. மொத்த வியாபாரி இறக்குமதியாளருக்குக் கொடுக்கும்போது இன்னொரு தடவை. அப்பா மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும்போது மூன்றாம் தடவை. இறக்குமதி, பொதி, விற்பனை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் இந்தப் படிகளைத் தாண்டிப் போய்விடும். வரிமேல் வரி விழுவதைத் தவிர்க்கத்தான் பெறுமதி சேர் வரி என்ற ஏற்பாடே உலகத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்த அதே ஆண்டில் வரிமேல் வரியாகவே வளரும் இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். புரளும் பணத்தைச் சொத்து என்று எண்ணியதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படைப் பிழை.

கட்டுகஸ்தோட்டை பஜார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. வாடிக்கையாளர் கொடுத்த காசோலையை வங்கியில் போடாமல், பின்னால் கையெழுத்து வைத்து அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது. ஒரு காசோலை நான்கு கை மாறினாலும் பற்று ஒன்றுதான். கணக்குப்பிள்ளையின் பழைய குறிப்பேட்டில் அப்படிக் கைமாறிய காசோலைகளின் எண்கள் வரிசையாக இருக்கின்றன. நிதிக் கொடுக்கல் வாங்கலுக்கு வரி போட்ட தென்னமெரிக்க நாடுகளிலும் இதேதான் நடந்தது என்று பின்னால் படித்தேன்.

தேடல் இங்கே முடிந்திருக்க வேண்டியது. சித்தப்பாவைப் பார்க்கத் திருச்சிக்குப் போனதால் நீண்டது.

என் சித்தப்பா 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியக் கடவுச்சீட்டு பெற்று, 1970களில் தலைமன்னாரில் கப்பலேறியவர். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரைப் பங்கிட்ட அந்த ஒப்பந்தத்தின் கணக்கு 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே. எங்கள் வீட்டில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தாயகம் திரும்பும் குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று அதே ஒப்பந்தத்தில் இலங்கை ஒத்துக்கொண்டது. சித்தப்பா அவ்வளவுகூடக் கொண்டுபோகவில்லை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, பிறகு வெங்காய மண்டி வைத்தார்.

அப்பாவின் தாள்களைப் பற்றிச் சொன்னதும் அவர் எழுந்துபோய் தன் பீரோவைத் திறந்தார். அங்கேயும் ஒரு கட்டு வங்கித் தாள்கள். 2005 ஜூனிலிருந்து நான்கு எழுத்தில் ஒரு கழிவு: பி.சி.டி.டி. 60,000 எடுத்த நாளில் 60 ரூபாய். 42,000 எடுத்த நாளில் 42.

ஆயிரத்துக்கு ஒரு ரூபாய். அதே வீதம்.

இது இந்தியாவின் வங்கி ரொக்கப் பரிவர்த்தனை வரி. 2005 பிப்ரவரி பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்தது. ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்தால் வரி என்று தொடங்கி, எதிர்ப்புக்குப் பிறகு தனிநபருக்கு 25,000 என்று உயர்த்தி, சேமிப்புக் கணக்குகளை விட்டுவிட்டார்கள். 2007இல் அது 50,000 ஆனது. சித்தப்பாவின் தாளில் இந்தச் சட்டத்தின் வரலாற்றை அப்படியே படிக்கலாம். முதல் சில வாரங்கள் தாறுமாறான தொகைகள். பிறகு நாள்தோறும் சரியாக 25,000. 2007க்குப் பிறகு சரியாக 50,000. விவசாயிக்கு ரொக்கம் கொடுத்தே ஆகவேண்டிய நாட்களில் மட்டும் வரம்பு மீறியிருக்கிறது.

இந்த வரி 2009 ஏப்ரல் 1இல் நீங்கியது. அப்படியானால் 2005 ஜூன் முதல் 2009 மார்ச் வரை, 46 மாதங்கள், பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே வீதத்தில் வங்கிப் பணத்துக்கு வரி இருந்திருக்கிறது. இரண்டு அரசும் சேர்ந்து எடுத்த முடிவு அல்ல இது. ஒப்பந்தமும் இல்லை, சார்க் தீர்மானமும் இல்லை. அண்ணன் தம்பி இருவர் கணக்கிலும் ஒரே மாதிரி விழுந்த அந்த ஒற்றை ரூபாயை, இரண்டு தாள்களையும் சித்தப்பாவின் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்த அன்றுதான் கண்டேன்.

நோக்கத்தில் வேறுபாடு இருந்தது. இலங்கைக்கு அது வருமானம். இந்தியாவுக்கு அது கறுப்புப் பணத்தின் தடம். தேவையான தகவல் வேறு வழிகளில் கிடைக்கத் தொடங்கிவிட்டது என்று சொல்லித்தான் இந்தியா அதை விலக்கியது. ரொக்கத்தை மட்டும் தொட்டது, சிறுதொகையை விட்டது என்ற அளவில் இந்தியச் சட்டமே மேல்.

பணம் கைமாறுவதற்குத் தீர்வை என்பது புதிதும் அல்ல; கடல் கடந்து வந்த பணத்துக்கும் அது இருந்தது. இந்தியாவுக்கு வெளியே எழுதப்பட்ட மாற்றுச்சீட்டை இந்தியாவில் முதலில் பெறுபவர், அதை ஏற்புக்கோ பணத்துக்கோ நீட்டுவதற்கு முன் உரிய முத்திரை ஒட்ட வேண்டும் என்று 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டமே சொல்கிறது. கொழும்பு செட்டியார் தெருவில் உண்டியல் எழுதிய காலத்து விதி அது.

அடுத்து நான் தேடியது, இரு நாடுகளையும் ஒரே நேரத்தில் யாராவது யோசித்தார்களா என்பதை. பேராதனையில் பழைய அமர்வுப் பத்திரங்களின் வரிசையில் அந்தப் பெயர் அகப்பட்டது: நிக்கலஸ் கால்டோர். புடாபெஸ்டில் பிறந்த கேம்பிரிட்ஜ் பொருளியலாளர். 1956இல் இந்திய வரிச் சீர்திருத்தம் பற்றி அறிக்கை கொடுத்தார். நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அடுத்த ஆண்டே செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். 1958இல் கால்டோர் இலங்கைக்கு வந்தார். பண்டாரநாயக்க அரசு 1959இல் அதே வரிகளைச் சட்டமாக்கியது. அவருடைய இலங்கை அறிக்கை 1960ஆம் ஆண்டின் நான்காம் இலக்க அமர்வுப் பத்திரம்.

அண்டை நாடுகள் இரண்டுக்கும் அவர் கேட்டது ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் அல்ல. வருமானம், மூலதன இலாபம், செல்வம், கொடை, செலவு என்ற ஐந்தையும் பின்னிய வலை ஒன்றைக் கேட்டார். இந்திய அறிக்கையில், வரி செலுத்துவோருக்கெல்லாம் ஒரு குறியெண், பெரிய சொத்து கைமாறும்போதெல்லாம் அந்த எண்ணோடு ஒரு சீட்டு என்று வழியும் சொன்னார். விற்பவர் விலையைக் குறைத்துச் சொல்ல நினைப்பார். ஆனால் வாங்குபவர் முழு விலையையும் காட்டியே ஆகவேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பணம் அவருடைய சொந்தச் செலவாகக் கருதப்பட்டு வரி விழும். ஒருவர் மறைப்பதை மற்றவர் வாயால் சொல்ல வைக்கும் ஏற்பாடு. கொடுக்கல் வாங்கலை வரியின் சாட்சியாக வைத்தார் கால்டோர். நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சாட்சியையே பிடித்து வரி கட்ட வைத்தார்கள். இந்தியாவில் செலவு வரி 1962இல் நின்று, 1964இல் திரும்பி, 1966இல் ஒரேயடியாகப் போனது. இலங்கையிலும் வந்து, போய், 1970களில் மீண்டும் வந்து போனது. வலையை இரு நாடுகளும் பின்னவே இல்லை.

கொடுக்கல் வாங்கலுக்கு வரி என்பதைப் பற்றி உலகம் பேசும்போது பொருளியலாளர் ஜேம்ஸ் டோபினின் பெயரைச் சொல்லும். 1970களில் அவர் முன்வைத்தது, நாணயம் விட்டு நாணயம் தாவும் சூதாட்டப் பணத்தின் சக்கரத்தில் கொஞ்சம் மணல் போடுவது. ஒரு நாடு தனியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சுவீடன் சாட்சி: பங்கு வியாபாரத்துக்கு 1984இல் வரி போட்டு, 1986இல் இரட்டித்து, வியாபாரம் லண்டனுக்குப் போனதும் 1991இல் கைவிட்டது. சேர்ந்து செய்ய 2013இல் முன்வந்த பதினொரு ஐரோப்பிய நாடுகளும் உடன்பாட்டுக்கு வர முடியவில்லை. நம் பக்கத்தில் பங்குப் பரிவர்த்தனைக்கான வரியை இந்தியா 2004இல், இலங்கை 2005இல் கொண்டுவந்தன, இரண்டும் நிலைத்துவிட்டன. சேர்ந்து யோசிக்க விரும்பினால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். சீனி மூட்டை அல்ல.

வங்கிப் பணத்துக்கு வரி என்ற யோசனை இலங்கையில் சாகவில்லை. 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் ரவி கருணாநாயக்க பணக் கொடுக்கல் வாங்கலுக்கு 0.05 சதவீதம் முன்மொழிந்தார். அடுத்த ஆண்டு, அவருக்குப் பின் அமைச்சரான மங்கள சமரவீர ஆயிரத்துக்கு 20 சதம் என்றார். அதை வாடிக்கையாளர் அல்ல, வங்கிகளே சுமக்கும் என்றும் சொன்னார். அது கடைசியில் நிதி நிறுவனங்களின் பெறுமதி சேர்ப்பின்மீது 7 சதவீதமாக மாறி, 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கஜானா காலியாகும்போது இது மறுபடியும் எழும். எழும்போது, யாருடைய பணம் அடிக்கடி புரள்கிறது, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்க ஆள் வேண்டும்.

கேட்பதற்குச் சான்று வேண்டும். சுவடிக்கூடத்தில் சட்டம் இருக்கிறது, ஹன்சாட் இருக்கிறது. கடைக்காரரின் வங்கித் தாள் இல்லை. 2002 முதல் 2011 வரை கண்டியிலோ மாத்தளையிலோ, 2005 முதல் 2009 வரை திருச்சியிலோ மதுரையிலோ உங்கள் வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால், பரணில் அந்தத் தாள்கள் இருக்கக்கூடும். மழைக்காலத்துக்கு முன் இறக்கிப் பாருங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.